பூட்டு சாரின் சப்போட்டா

வரதராஜன் சார் பூட்டைப் பூட்டினால் இழுத்துப் பார்ப்பார். நாலடி நடந்து, திரும்பி வந்து, மறுபடியும் இழுத்துப் பார்ப்பார். செகந்திராபாத்தை ஒட்டிய மௌலா அலிக்குப் பக்கத்தில் அவர் வீடு இருந்த காலனியில் பிள்ளைகள் அவருக்குப் 'பூட்டு சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. "வெச்சுக்கட்டும் சிஸ்டர். பூட்டாத சார்னு பேர் வந்தாத்தான் எனக்கு அவமானம்" என்பார்.

அவர் பார்த்த உத்தியோகம் அப்படி. மத்திய அரசுத் தொழிற்சாலை ஒன்றில் பாதுகாப்பு அதிகாரி. மற்றவர்கள் வேலை செய்வார்கள். அவர்களுக்கும் சேர்த்து இவர் பயப்படுவார். எந்தக் குழாய் வெடிக்கும், எந்தக் கம்பியில் மின்சாரம் கசியும், எவன் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஏணியில் ஏறுவான் என்று நாள் முழுக்க யோசிப்பதற்குத்தான் சம்பளம். ஓய்வு பெற்றதும் சம்பளம் நின்றது. பயம் நிற்கவில்லை. அதை வைத்துக்கொள்ள அவருக்கு ஒரு வீடும், ஒரு மனைவியும், சுற்றுச்சுவருக்குள் ஒரு சின்னத் தோட்டமும் இருந்தன.

நான் செகந்திராபாத்தில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். பிறகு வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையை எடுத்துக்கொண்டேன். 2006-ஆம் வருஷம் தை மாதத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கல்பகம் மாமிக்குப் பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு சுத்தமாகப் போய்விட்டது. சொல்வது எல்லாம் புரியும், திருப்பிச் சொல்லத்தான் முடியாது. விழுங்குவதும் சிரமம். தண்ணீர் கொடுத்தால் இருமுவார். குழைவாக எதையாவது கொடுத்தால் இறங்கும்.

இதயத் துடிப்பு ஒழுங்கில்லாததால், ரத்தம் உறையாமல் இருக்க அவருக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் என்னிடம் முதலில் சொன்னதே இதுதான்: "இவர் மேல் ஒரு கீறல் விழக்கூடாது. விழுந்தால் ரத்தம் எளிதில் நிற்காது." நான் மாமியின் நகங்களை ஒட்ட வெட்டினேன். கட்டிலின் கம்பி முனைகளில் துணி சுற்றினேன். கண்ணாடி வளையல்களைக் கழற்றிவிடலாம் என்றேன். அதற்கு மட்டும் சார் சம்மதிக்கவில்லை.

"நான் உயிரோட இருக்கச்சே அவ கை மூளியா இருக்கப்படாது சிஸ்டர். அவளுக்குப் புரியும். பதறிடுவா."

"பிளாஸ்டிக் போட்டுக்கிடலாமே சார்."

"பிளாஸ்டிக்கா? எங்காத்துல அது வழக்கமில்லையே."

அந்தப் பேச்சு அங்கேயே நின்றது. வளையல்கள் மாமியின் இடது கையில், அதாவது அசையும் கையில், கிடந்தன.

சாரின் பெரிய பயம் வளையல் இல்லை. குரங்கு.

காலனிக்குப் பின்னால் ஒரு பாறைக் குன்று இருந்தது. சில வருஷங்களாக ஊரில் கம்பெனிகள் பெருகப் பெருக, அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு வீடு கட்டுகிறோம் என்று எந்தப் பாறையையும் விட்டுவைக்கவில்லை. தினமும் வெடி வைப்பார்கள். ஜன்னல் கண்ணாடி அதிரும். அது அடங்கிய கொஞ்ச நேரத்தில் குன்றிலிருந்து குரங்குக் கூட்டம் இறங்கி, பின்சுவர் மேலாக வரிசையாக நடந்து வரும். முன்னால் ஒரு பெரிய கடுவன், ஒரு காது கிழிந்தது. பின்னால் மந்திகள், வயிற்றில் தொங்கும் குட்டிகள், பாதி வளர்ந்த துடுக்குப் பயல்கள். வீடு வாசல் போன கூட்டம்; பசி. பசித்த கூட்டத்தின் கண்ணில் முதலில் பட்டது சாருடைய தோட்டம்.

தோட்டம் என்றால் இரண்டு கொய்யா, ஒரு மாதுளை, வாசல் பக்கம் ஒரு பெரிய சப்போட்டா. கொய்யாவையும் மாதுளையையும் சார் விட்டுக்கொடுத்துவிட்டார். சப்போட்டாவை விட முடியவில்லை. மாமி எந்த உணவைக் கரண்டியில் கொண்டு போனாலும் வாயை இறுக்கிக்கொள்வார். வீட்டு மரத்துச் சப்போட்டா ஒன்றைத்தான் துப்பாமல் விழுங்கினார். குழைவான, இனிப்பான, தொண்டையில் தடுக்காத பழம். அவர் உடம்பில் பாதி பலம் அந்தப் பழத்தில்தான் என்று சார் நம்பினார். நானும் நம்பினேன்.

அதனால் மரத்தைக் காக்க அவர் செய்யாதது இல்லை. அடிமரத்தில் தகரம் சுற்றினார். அவை சுவரிலிருந்து கிளைக்குத் தாவின. எக்ஸிபிஷனில் ஒரு பெரிய புலி பொம்மை வாங்கி வந்து மரத்தடியில் உட்கார வைத்தார். இரண்டு நாள் கூட்டம் தள்ளி நின்று பார்த்தது. மூன்றாம் நாள் பக்கத்து அப்பார்ட்மெண்ட் பால்கனியிலிருந்து உஷாவின் குரல் கேட்டது. கோயம்புத்தூர்ப் பெண், சாஃப்ட்வேர் வேலை.

"அங்கிள், உங்க புலி மேல குரங்கு உக்காந்து பேன் பாக்குதுங்க!"

"சிரிக்காதே உஷா. உங்காத்துக் கதவைத் தாப்பாப் போட்டியோ?"

"போட்டுத்தானுங்க இருந்துது. வெளிய இருந்து கைய விட்டு அதுவே தாப்பாள எடுத்துட்டு உள்ள வந்து, பிரெட்டத் தூக்கிட்டுப் போயிருச்சு. எம் பொண்ணு குரங்கு வந்துருச்சுன்னு தெலுங்குல, 'அம்மா, கோதி ஒச்சிந்தி'ன்னு கத்துறா. நான் பாத்ரூம்ல போய்ப் பூட்டிக்கிட்டேன்."

சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. அவர் காதில் விழுந்தது பிரெட் இல்லை, தாழ்ப்பாள்.

அதற்கு மறுநாள் கருமுகக் குரங்கு ஒன்றைக் கயிற்றில் கட்டி வைத்திருந்த ஆளைக் கூட்டி வந்தார். அதைக் கண்டால் மற்றவை ஓடும் என்று சொன்னார்கள். அவன் சைக்கிளில் அதை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு வந்தான். சார் பத்தடி தள்ளி நின்று, "இது கடிக்காதே?" என்று கேட்டார்.

"டரோ நக்கோ சாப். மேரா ராஜா ஹை." பயப்பட வேண்டாம், இது என் ராஜா என்றான்.

"கயிறு பலமா இருக்கா?"

"ஹவ் சாப், ஹவ்" என்று அவன் ஆமாம் போட்டுச் சிரித்தான். ராஜா வந்து போகும் நேரத்தில் கூட்டம் வராது. ராஜா சைக்கிளில் ஏறித் தெருமுனை திரும்பியதும் வந்துவிடும். கடைசியில் சார் மீன்வலை வாங்கி மரம் முழுவதையும் மூடினார். கயிற்றின் நுனிகளைத் தரையில் முளை அடித்துக் கட்டினார். அது பலித்தது. சப்போட்டா தப்பியது. ஆனாலும் அவரால் வீட்டுக்குள் நிம்மதியாக உட்கார முடியவில்லை. இலை அசைந்தால் கம்பை எடுத்துக்கொண்டு வெளியே ஓடுவார்.

சாயங்காலம் நாலு மணிக்கு மாமிக்குப் பழம் கொடுப்பது சாரின் வேலை. தோலுரித்து, கொட்டை நீக்கி, துண்டுகளாகக் கிண்ணத்தில் போட்டு மாமியின் இடது பக்கம் வைப்பார். தானே எடுத்துச் சாப்பிட்டால் கைக்குப் பயிற்சி என்று டாக்டர் சொல்லியிருந்தார். முதல் இரண்டு துண்டு சார் கண் முன்னால் உள்ளே போகும். அதற்குள் வெளியே ஏதாவது சத்தம் கேட்கும். கம்போடு ஓடுவார். நான் அந்த நேரம் பின்பக்கக் குளியலறையில் படுக்கை விரிப்புகளை அலசிக்கொண்டிருப்பேன். சார் திரும்பி வரும்போது கிண்ணம் காலியாக இருக்கும்.

"பாத்தேளா சிஸ்டர், ஒண்ணு மிச்சமில்லை!" என்று கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டுவார். அந்த வீட்டில் அவர் பயமில்லாமல் பேசியது அந்த ஒரு வாக்கியத்தைத்தான்.

எனக்குக் கணக்கு இடித்தது. இத்தனை பழம் சாப்பிடுகிறவருக்குப் புஜம் ஏன் இளைக்கிறது? புரட்டிப் படுக்க வைக்கும்போது இடுப்பெலும்பு என் உள்ளங்கையில் குத்தியது. வாய் கழுவிவிடும்போது கன்னத்துக்குள் பழத் துணுக்கு ஒன்றும் இருக்காது. விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு எப்போதும் ஏதாவது தங்கியிருக்கும். டாக்டரிடம் சொன்னேன். ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். அதில் ஒன்றும் இல்லை.

ஒருநாள் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. விரிப்பை அப்படியே வாளியில் போட்டுவிட்டு நான் சீக்கிரமாக அறைக்குத் திரும்பினேன். வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

மாமியின் கட்டில் பின்பக்க ஜன்னலை ஒட்டிக் கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே, கம்பியைப் பிடித்துக்கொண்டு, காது கிழிந்த கடுவன் உட்கார்ந்திருந்தது. ஜன்னல் பாதி இருட்டாகிவிட்டது; அவ்வளவு பெரிய உடம்பு. அதன் ஒரு கை கம்பிக்குள் தோள் வரை நீண்டிருந்தது. அந்தக் கை மாமியின் இடது மணிக்கட்டைப் பிடித்திருந்தது. கறுத்த விரல்கள், வளையல்களுக்கு நடுவே. மாமி விரல்களைத் திறந்தார். பழத்துண்டு. கடுவன் மணிக்கட்டை விடாமலே இன்னொரு கையால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, மறுபடியும் காத்திருந்தது. மாமி கிண்ணத்துக்குக் கையை நகர்த்தினார். கடுவனின் கையும் கூடவே நகர்ந்தது.

நான் கத்தவில்லை. கத்தினால் அது கையை வெடுக்கென்று இழுக்கும். இழுத்தால் மாமியின் தோல் உரிந்துவிடும். அதன் கண்ணைப் பார்க்காமல், கதவு நிலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கிண்ணம் காலியானது. அது கிண்ணத்தைப் பார்த்தது, மாமியைப் பார்த்தது, என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. பிறகு கையை விட்டுவிட்டுச் சுவருக்குத் தாவியது.

மாமியின் மணிக்கட்டை விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். விரல் பதிந்த சிவப்புத்தான். கீறல் இல்லை. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு சாரைக் கூப்பிட்டேன். அவர் கம்போடு, வேர்த்து விறுவிறுத்து வந்தார்.

"ஒண்ணையும் மரத்துக்கிட்ட அண்ட விடலை. கிண்ணம் காலியா?"

"காலிதான் சார். ஆனா அம்மா சாப்பிடல. ஜன்னல்ல வந்து வாங்கிட்டுப் போவுது."

"யாரு?"

"காது கிழிஞ்ச பெரிசு. அம்மா கையப் பிடிச்சிக்கிட்டு இருந்தத நான் கண்ணால பாத்தேன். ரொம்ப நாளாவே நடக்குதுன்னு நினைக்கேன் சார்."

சார் ஸ்டூலில் உட்கார்ந்தார். கம்பு கீழே விழுந்து உருண்டது. அவர் மாமியின் கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் அவர் சொன்ன கதை இது.

பல வருஷங்களுக்கு முன்னால், குவார்ட்டர்ஸில் இருந்தபோது, ஒரு சனிக்கிழமை தொழிற்சாலைச் சைரன் ஊதியது. சார் ஏற்பாடு செய்த ஒத்திகைதான். ஆபத்து வந்தால் எல்லோரும் எந்த வழியாக வெளியே ஓட வேண்டும் என்று பழக்குவதற்கு. முன்கூட்டியே சொன்னால் ஒத்திகைக்கு அர்த்தமில்லை என்று வீட்டிலும் சொல்லவில்லை. சைரன் நிற்காமல் ஊதுவதைக் கேட்ட மாமி, பூஜையறையில் விழுந்து, 'இவர் முழுசாகத் திரும்பி வந்தால் ஆயுசுக்கும் சனிக்கிழமை தோறும் உன் பரிவாரத்துக்குப் பழம் கொடுக்கிறேன்' என்று ஆஞ்சநேயருக்கு வேண்டிக்கொண்டார். சார் வழக்கமான நேரத்துக்கு, காலி டிபன் பாக்ஸோடு வந்து சேர்ந்தார்.

"நான் சொன்னேன் சிஸ்டர், அது டிரில்டி, நெஜமில்லைன்னு. 'வந்துட்டேளே, அது நெஜந்தானே'ன்னா. அன்னிலேர்ந்து இந்தக் குன்று மேல இருக்கற கோவிலுக்குப் போய்க் குரங்குக்குக் குடுத்துண்டு இருந்தா. ஒரு வாரம் விட்டதில்லை."

படுத்துவிட்ட பிறகு மாமி குன்றுக்குப் போகவில்லை. குன்று அவரிடம் வந்துவிட்டது. அதற்குக் கிழமை தெரியாது, தினமும் வந்தது.

சார் மாமியின் காதருகே குனிந்தார். "கல்பு, நான்தான் ரிடையர் ஆயிட்டேனே. இனிமே சைரன் ஏது? வேண்டுதலை முடிச்சுக்கலாமே."

மாமி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் காற்று நுழைவதுகூடக் கஷ்டமாகிவிட்டது. எல்லா ஜன்னலுக்கும் இரும்பு வலை. பின்கதவுக்கு உள்ளே பெரிய பூட்டு. முன்பக்கக் கிரில் கதவுக்கு வெளியே பூட்டு. உள்தாழ்ப்பாளைக் குரங்கு கைவிட்டு எடுத்துவிடும் என்பதை உஷா வீட்டில் பார்த்தாயிற்றே. சார் மரத்தடிக்குப் போகும்போது என்னையும் மாமியையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவார். சாவிக்கொத்து அவர் பூணூலில்.

"ஒரு சாவி எங்கிட்டயும் இருக்கட்டும் சார்."

"நீங்க எங்கயாவது வெச்சு மறந்துட்டேள்னா? கூப்பிட்டா ஓடி வரமாட்டேனா, பத்தடியிலதானே இருக்கேன்."

கடுவன் தினமும் நாலு மணிக்கு வந்தது. வலையைப் பிடித்து உலுக்கியது. கட்டிலை ஹாலுக்கு மாற்றிப் பார்த்தோம். மாமி சாப்பிட மறுத்தார், கண்ணை மூடிக்கொண்டார், திரும்ப ஜன்னலுக்கே கொண்டுவந்தோம். வலை அதிரும்போது சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிரும். மாமியின் இடது கை விரிப்பின் மேல் எதையோ தேடும். நான் ஒவ்வொரு நாளும் வலையின் ஆணிகளை விரலால் அழுத்திப் பார்ப்பேன். எனக்கும் அவர் வியாதி தொற்றிக்கொண்டது.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை முற்பகல். மரத்தில் காய் முற்றிவிட்டது. எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பறித்துவிட்டால் கூட்டத்துக்கு அங்கே வேலையில்லை என்று சார் முடிவு செய்தார். சப்போட்டாவை மரத்தில் பழுக்க விடுவதில்லை. தோலின் மேல் உள்ள தூள் உதிர்ந்து, நகத்தால் கீறினால் பச்சை தெரியாமல் இருக்க வேண்டும். அப்போது பறித்து அரிசி டிரம்மில் புதைத்துவிடுவார். முந்தின வாரம் பறித்தது டிரம்மில் பழுத்துக்கிடந்தது. சமையலறை முழுக்க வாசனை.

சமையலறையில் புகை வெளியேற்றும் விசிறியை ரிப்பேருக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த ஓட்டையில் சார் ஓர் அட்டைப் பெட்டியை மடித்துச் செருகி, கயிறு கட்டியிருந்தார். வலை அடிக்கும் ஆள் திங்கட்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தான்.

சார் எங்களைப் பூட்டிவிட்டு, இழுத்துப் பார்த்து, போய், திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்த்துவிட்டு, மரத்தின் மீன்வலையைச் சுருட்டி ஏணியில் ஏறினார். கூடை நிறைந்துகொண்டிருந்தது. நான் மாமிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன்.

சமையலறையில் அட்டை கிழியும் சத்தம். பிறகு டிரம் மூடி தரையில் விழுந்து சுழன்றது.

எட்டிப் பார்த்தேன். பாதி வளர்ந்த குரங்கு ஒன்று டிரம்முக்குள் கைவிட்டு அரிசியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் வந்த வழிக்குத் தாவியது. கிழிந்த அட்டையும் கயிறும் அதன் மேலேயே சரிந்தன. பயந்துபோய்க் கிறீச்சிட்டு, என் புடவையை உரசிக்கொண்டு ஹாலுக்கு ஓடியது. கிரில் பூட்டியிருந்தது. பின்கதவு பூட்டியிருந்தது. ஜன்னல் எல்லாம் வலை. சுற்றிச் சுற்றி ஓடிவிட்டு, அந்த வீட்டில் திறந்திருந்த ஒரே கதவு வழியாக மாமியின் அறைக்குள் போனது.

குட்டியின் குரல் கேட்டு வெளியே கூட்டம் முழுவதும் அலறியது. கடுவன் வந்து மாமியின் ஜன்னல் வலையில் மோதியது. ஓர் ஆணி தெறித்து என் காலடியில் விழுந்தது.

நான் கெட்டிக் கம்பளியை மாமியின் கழுத்து வரை இழுத்து மூடினேன். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே நின்றேன். குரங்கு பீரோவின் மேல் ஏறி, முதுகை வளைத்து, பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அதற்கு வேண்டியது வெளியே போக ஒரு வழி. எனக்கும் வேண்டியது அதேதான்.

"சார்! சாவி! குரங்கு உள்ள இருக்கு! வாசலத் திறங்க சார்!"

ஹால் வழியாக நேரே கிரில் தெரியும். கிரிலுக்கு அப்பால் மரம். சார் ஏணியிலிருந்து இறங்கி நின்றிருந்தார். அவருக்கும் வாசலுக்கும் நடுவே, பத்தடியில், முழுக்கூட்டமும் இறங்கியிருந்தது. மந்திகள் தரையைத் தட்டிச் சீறின. அவர் மார்போடு கூடையை அணைத்தபடி மரத்தில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார். அவர் கால் நகரவில்லை. வேட்டி நனைந்திருந்தது.

"அம்மா இங்க படுத்துருக்காக சார்!"

அடுத்த ஆணி தெறித்தது. வலையின் ஒரு மூலை உட்பக்கம் மடங்கியது. கம்பளிக்கு அடியிலிருந்து மாமியின் இடது கை மெல்ல வெளியே வந்தது. உள்ளங்கை மேலே பார்க்க, காலியாக, நீண்டது. நான் அதைப் பிடித்து உள்ளே தள்ளுவதற்குள் குரங்கு பீரோவிலிருந்து கட்டிலின் கால்மாட்டில் குதித்தது. நான் அசையாமல் நின்றேன். அது கம்பளியின் மேல் நடந்து வந்தது. அந்தக் கையை முகர்ந்தது. விரல்களைப் பிரித்துப் பார்த்தது. மாமி கண்ணை இமைக்கவில்லை.

வெளியே கலகலவென்று ஒரு சத்தம். சார் கூடையைக் கவிழ்த்துவிட்டார். அத்தனை காயும் தரையில் உருண்டு நாலா பக்கமும் ஓடியது. யாரும் சொல்லி அவர் அதைச் செய்யவில்லை. கூட்டம் காய்களின் மேல் பாய்ந்தது. அவர் அதற்கு நடுவே, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்து வந்தார். வாய்விட்டு ஏதோ ஸ்லோகம் சொல்லிக்கொண்டே வந்தார். சாவித் துவாரம் அகப்படாமல் பூட்டு கிரிலில் டக்டக்கென்று மோதியது. பிறகு கதவு சுவரில் அடித்துத் திறந்தது.

அந்தச் சத்தத்தில் குரங்கு மாமியின் கையை உதறிவிட்டு, அவர் மார்புக்கு மேலாகத் தாவியது. வளையல்கள் நொறுங்கின. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அது ஹால் வழியாக, சாரின் கால்களுக்கு நடுவே புகுந்து வெளியே போயிற்று. ஜன்னலில் இருந்த கடுவனும் போய்விட்டது.

மாமியின் முன்கையில் ஒரு நீளச் சிவப்புக் கோடு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தடித்து வழிந்தது. பக்கத்தில் உடைந்த வளையல் துண்டுகள்.

"நகமா சிஸ்டர், வளையலா?" என்று சார் கேட்டார். அவர் குரல் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"தெரியல சார். தண்ணி கொண்டாங்க."

கால் மணி நேரம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவினோம். அழுத்திப் பிடித்தும் ரத்தம் லேசில் நிற்கவில்லை. ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் என் கை அந்தக் கையை அழுத்திக்கொண்டே இருந்தது. டியூட்டி டாக்டரும் அதே கேள்வியைக் கேட்டார். குரங்கின் நகம் என்றால் வெறிநோய்க்கு ஊசி போட வேண்டும்; நகம் என்றே வைத்துக்கொள்வோம் என்றார். காயத்தைச் சுற்றிச் சுற்றி ஊசி போட்டார்கள். ரத்தம் உறையாத உடம்பு. முழங்கை வரை கறுநீலமாகிவிட்டது. மற்ற ஊசிகளுக்கு நாள் குறித்துக் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள்தான் மோசம். வெறிநோய் வந்தால் தண்ணீரைக் கண்டு மிரளுவார்கள், தொண்டை இழுக்கும் என்று சாருக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். மாமிக்குத் தண்ணீர் கொடுத்தால் பக்கவாதம் வந்த நாளிலிருந்தே இருமல்தான். அது பழைய இருமலா, புது இருமலா? ஒவ்வொரு வாய்த் தண்ணீருக்கும் சார் எதிரில் நின்று மாமியின் தொண்டையையே பார்த்தார். மாமி இருமினால் என் முகத்தைப் பார்த்தார். 'பழசுதான் சார்' என்று நான் தைரியமாகச் சொல்வேன். உள்ளே எனக்குத் தைரியம் இல்லை. ஊசி நேரத்துக்குப் போட்டாயிற்று, ஒன்றும் வராது என்று படிப்பு சொல்கிறது. ஆனால் அந்த இருமலைக் கேட்கும்போது படிப்பு உதவவில்லை.

கடைசி ஊசியும் முடிந்தது. கோடு ஆறித் தழும்பானது. ஒன்றும் வரவில்லை. மாமியின் கையில் இப்போது சிவப்பு பிளாஸ்டிக் வளையல்கள். சாரே வாங்கி வந்தார்.

சாவி ஒன்று கட்டிலுக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. சனிக்கிழமை காலையில் சார் கடையில் வாங்கிய பழம் ஒன்றை எடுத்துக்கொண்டு, மிச்சமிருக்கும் குன்றுக் கோவிலுக்குப் போய், குரங்குக்கு இல்லை, அர்ச்சகர் கையில் கொடுத்துவிட்டு, துளசியோடு வருகிறார். அவர் வரும் வரை மாமி வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதற்கப்புறம் ஜன்னல் பக்கம் திரும்புவதில்லை.

மீன்வலையைச் சார் மறுபடி கட்டவில்லை. நாலு மணிக்குக் கிண்ணத்தை மாமியின் பக்கத்தில் வைத்துவிட்டு ஓடுவதும் இல்லை. ஸ்டூலைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார். ஒரு துண்டு மாமி எடுப்பார், ஒரு துண்டு சார் கரண்டியில் மசித்துக் கொடுப்பார்.

நேற்று அப்படிக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது வாசல் பக்கம் மரம் குலுங்கியது. கிளை ஒடியும் சத்தம். காய்கள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. கரண்டி பாதி வழியில் நின்றது. சாரின் கழுத்து நரம்பு புடைத்தது. கால் விரல்கள் செருப்பைத் தேடின. மாமி வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தார். மறுபடியும் ஒரு கிளை ஒடிந்தது.

சார் திரும்பிப் பார்க்கவில்லை. கரண்டியை நீட்டினார், பாதிப் பழம் மாமியின் முகவாயில் வழிந்தது. நான் துடைத்துவிட்டேன். மாமி விழுங்கினார்.